பச்சைத் தண்ணீர் எங்கே போகிறது?

காரில் ஹீட்டர் எதற்கு இருக்கிறது? அதை மாற்றிய பிறகும் தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வது? ஒரு குடும்பத்தின் கதையோடு இதைத் தெரிந்துகொள்வோம்.

1. ஈரமான காலுறை

கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்கள் அதிகம். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே கொழுந்து பறிக்கின்றன.

செல்வி ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் கணவன் முத்து டாக்சி ஓட்டுகிறான். கார் கடனில் வாங்கியது. மாதம் பிறந்து 10ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும்.

அது ஜனவரி மாதம். மூணாறில் ஜனவரியில் கடும் குளிர். சில நாள் விடியற்காலையில் வெப்பநிலை 0 டிகிரி வரை இறங்கும். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மங்கிவிடும். ஹீட்டர் இல்லாமல் அந்த நேரத்தில் மலைப்பாதையில் ஓட்டுவது ஆபத்து.

முத்துவின் காரில் ஹீட்டர் ஒழுகியது. புதன்கிழமை மெக்கானிக் அந்தோணி புது ஹீட்டர் போட்டுக் கொடுத்தார். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாட்ட ஒரு நாள் ஆனது. கையில் இருந்த பணமும் தீர்ந்தது.

திங்கட்கிழமை காலை. மகள் மலர் பள்ளிக்குப் போக முன்சீட்டில் ஏறினாள். இறங்கும்போது சொன்னாள்:

"அம்மா, என் சாக்ஸ் ஈரமா இருக்கு. பிசுபிசுன்னு ஒட்டுது."

செல்வி குனிந்து பார்த்தாள். காலடி விரிப்பில் பச்சையாகத் தண்ணீர். ஒரு மாதிரி இனிப்பு வாசம் வந்தது. மலர் விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"வாசமா இருக்கே! இனிக்குமா அம்மா?"

செல்வி சட்டென்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அது விஷம் என்று அந்தோணி முன்பே சொல்லியிருந்தார்.

முத்துவின் முகம் வாடியது. "புதுக் கோரும் ஓட்டைதான் போல. மறுபடியும் டேஷ்போர்டைக் கழட்டணும். இன்னும் ஒரு நாள் போகும். நாளைக்கு விடிகாலை நாலு மணிக்கு அன்னம்மா பாட்டியைத் தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். பாட்டிக்குக் கண் ஆபரேஷன்."

பக்கத்து லயத்தில் இருக்கும் அன்னம்மா பாட்டி இந்த நாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தார்.

2. ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அதனால் மிகுந்த சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் எஞ்சின் கெட்டுவிடும்.

சூட்டைச் சுமந்து செல்வதுதான் கூலண்ட். அது வெறும் தண்ணீர் அல்ல. தண்ணீரில் கிளைக்கால் என்னும் ரசாயனமும் துருத் தடுப்பு மருந்தும் கலந்திருக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் சேர்த்திருப்பார்கள். ஒழுகினால் கண்ணுக்குத் தெரிய அந்த நிறம் உதவும்.

வாட்டர் பம்பு கூலண்டைச் சுற்றி ஓட வைக்கிறது. கூலண்ட் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்குகிறது. பிறகு முன்னால் உள்ள ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறுகிறது. திரும்பவும் எஞ்சினுக்கு வருகிறது.

இந்தக் கூலண்டில் ஒரு பங்கு இன்னொரு வழியிலும் போகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். சிலர் அதை ஹீட்டர் காயில் என்பார்கள். சூடான கூலண்ட் அதற்குள் ஓடும். பின்னால் இருந்து ஃபேன் காற்றை ஊதும். காற்றுச் சூடாகிக் கண்ணாடிக்கும் காலுக்கும் வரும்.

ஆக, ஹீட்டருக்குத் தனி அடுப்பு இல்லை. எஞ்சின் தள்ளிவிடும் சூட்டைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்.

எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. கோரின் இரண்டு குழாய்கள் அந்தச் சுவரின் துளை வழியே எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டு ரப்பர் ஹோஸ்களை மாட்டிக் கிளிப் போட்டு இறுக்குவார்கள். ஒரு ஹோஸில் கூலண்ட் வரும். இன்னொரு ஹோஸில் திரும்பிப் போகும்.

3. குக்கரும் காரும்

"கொஞ்சம்தானே ஒழுகுது. வழியிலே தண்ணி ஊத்திக்கிட்டே போயிடலாமே" என்றார் ஸ்டாண்டில் இருந்த இன்னொரு டிரைவர்.

அப்படிச் செய்யலாமா? வீட்டில் உள்ள பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். குக்கர் மூடி ஆவியை அடைத்து வைக்கிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்க அதிகச் சூடு வேண்டும்.

ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். முத்துவின் கார் மூடியில் 0.9 என்று எழுதியிருந்தது. அது மூடி தாங்கி வைக்கும் அழுத்தத்தின் அளவு.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மலை மேலே காற்றின் அழுத்தம் குறைவு. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். மூணாறு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அதே தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது.

எஞ்சின் ஓடும்போது கூலண்டின் சூடு 90 முதல் 100 டிகிரி வரை இருக்கும். ஒழுக்கு இருந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் மலை மேலே கூலண்ட் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் ஆவியாகி வெளியே போகும். எஞ்சின் மிகையாகச் சூடாகும். ஹெட் கேஸ்கெட் எரியும். எஞ்சின் ஹெட் வளைந்து போகும். அந்தச் செலவு ஹீட்டர் செலவைப் போல் பல மடங்கு.

தேனியிலிருந்து திரும்பும்போது போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற வேண்டும். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் எஞ்சின் மிகவும் சூடாகும்.

"மஞ்சள் பொடி போட்டால் ஓட்டை அடைஞ்சிடும்" என்றார் இன்னொருவர். லாரிக்காரர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஹீட்டர் கோரின் குழல்கள் மிகவும் மெல்லியவை. பொடி முதலில் அவற்றைத்தான் அடைக்கும். புதுக் கோர் வீணாகும். ஹோஸ் முனையில் உள்ள ஒழுக்கு அதனால் நிற்காது.

4. செல்வியின் நோட்டு

முத்து காரை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனான். அன்று மதியம் செல்வியும் வந்தாள். அவள் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது.

செல்வி சிறுவயதில் பள்ளிக்குப் போகவில்லை. மாலை வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றாள். அதன் பிறகு வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதி வந்தாள். புது ஹீட்டர் போட்ட மறுநாள் முதல் கூலண்ட் டப்பாவையும் தினமும் காலையில் பார்த்து எழுதினாள். டப்பாவில் மேல்கோடு, கீழ்க்கோடு என்று இரண்டு கோடுகள் இருக்கும். கூலண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

நோட்டில் இப்படி இருந்தது:

வியாழன் – மேல்கோடு. வண்டி அடிமாலி போகிறது.
வெள்ளி – அரை விரல் கீழே.
சனி – ஒரு விரல் கீழே.
ஞாயிறு – ஒன்றரை விரல் கீழே. இன்று வண்டி ஓடவில்லை. இரவு கடும் குளிர்.
திங்கள் – இரண்டு விரல் கீழே. விரிப்பு ஈரம்.

அந்தோணி நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை வண்டி நின்னுக்கிட்டே இருந்துச்சா?"

"ஆமாண்ணே. எங்கேயும் எடுக்கலை."

"நின்ன வண்டியிலேயும் குறைஞ்சிருக்கு. அப்போ இது குளிர்ல ஒழுகுது. குளிர்ல ரப்பர் இறுகும். உலோகம் சுருங்கும். கிளிப் சரியா பிடிக்கலைன்னா அந்த நேரத்துல சொட்டும். சூடானதும் ரப்பர் இளகி அடைச்சுக்கும். கோர் ஓட்டையா இருந்தா ஓடுறப்பவும் சூட்டுல அழுத்தத்துல நிறைய போயிருக்கும். முத்து, அவசரப்பட்டு டேஷ்போர்டைக் கழட்ட வேண்டாம். முதல்ல சோதிச்சுப் பார்ப்போம்."

5. மூன்று தாள் சோதனை

முதலில் எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு அந்தோணி சோதனையை வரிசையாகச் செய்தார்.

முதல் வேலை: ஈரம் எந்தத் தண்ணீர் என்று பார்த்தார். ஏசி ஓடும் காரிலும் காலடியில் ஈரம் வரலாம். ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அப்படி ஆகும். அந்தத் தண்ணீருக்கு நிறம் இல்லை, வாசம் இல்லை, விரலில் ஒட்டாது. கூலண்டோ நிறமாக இருக்கும், இனிப்பு வாசம் வரும், வழவழக்கும். தொட்டுப் பார்க்கலாம். நாக்கில் வைக்கக் கூடாது. தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

இரண்டாவது: விரிப்பைத் தூக்கினார். அதன் கீழே கனமான பஞ்சு இருந்தது. போன வாரத்தில் ஒழுகிய பழைய கூலண்டும் அதில் ஊறியிருந்தது. கூலண்ட் தண்ணீரைப் போலச் சீக்கிரம் காயாது. பழைய ஈரத்தைப் பார்த்துப் புது ஒழுக்கு என்று ஏமாறுவது உண்டு. அதனால் எல்லாவற்றையும் துணியால் ஒற்றி எடுத்தார்.

மூன்றாவது: மூன்று செய்தித்தாள்களை எடுத்தார். அவற்றில் 1, 2, 3 என்று எழுதச் சொன்னார். செல்வி எழுதினாள். 1ஆம் தாளைத் தகட்டுச் சுவரின் ஓரமாக வைத்தார். 2ஆம் தாளைக் கோரின் குழாய்கள் சேரும் இடத்துக்குக் கீழே வைத்தார். 3ஆம் தாளைக் கோரின் பெட்டிக்குக் கீழே வைத்தார்.

நான்காவது: ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் சோதிக்கும் பம்பை மாட்டினார். அது சைக்கிள் பம்பு போன்றது. அதில் அளவு காட்டும் முள் இருக்கும். முள் 0.9 வரும்வரை அடித்தார். மூடியில் எழுதிய அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. அடித்தால் நல்ல பாகமும் உடையும்.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனது. முள் 0.9லிருந்து மெதுவாக 0.7க்கு இறங்கியது. ஆக, எங்கோ ஒழுகுவது உறுதி.

செல்வி தாள்களை எடுத்துப் பார்த்தாள். 3ஆம் தாள் காய்ந்திருந்தது. 2ஆம் தாளும் காய்ந்திருந்தது. 1ஆம் தாளில் மட்டும் பச்சைப் பொட்டு.

"கோர் நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்தோணி. முத்து மூச்சு விட்டான்.

பானெட்டைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்கள். தகட்டுச் சுவரின் அருகே, கீழ் ஹோஸின் முனையில் ஒரு பச்சைத் துளி திரண்டு நின்றது. அது வெளியே விழவில்லை. குழாயின் மேலேயே ஓடிச் சுவரின் துளை வழியே உள்ளே போனது. அதனால்தான் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டும் இல்லாமல் விரிப்பு மட்டும் நனைந்தது.

துளையைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையமும் அங்கே இல்லை.

அந்தோணி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தப்பு என் மேலதான் முத்து. பழைய ஹோஸை அப்படியே மாட்டிட்டேன். சுவர் ரப்பரையும் திரும்பப் போடலை. இதுக்குக் கூலி வேண்டாம். ஹோஸுக்கும் கிளிப்புக்கும் மட்டும் குடு."

6. ஒழுக்கைச் சரிசெய்தல்

பழைய ஹோஸ் ஏன் ஒழுகியது? பல ஆண்டுகள் சூட்டில் இருந்ததால் அதன் முனை கெட்டியாகி விரிசல் விட்டிருந்தது. பழைய கிளிப் அழுத்திய தடமும் பள்ளமாக இருந்தது. புதுக் குழாயில் அந்தப் பள்ளம் வேறு இடத்தில் உட்கார்ந்தது. கிளிப்பும் தவறான இடத்தில் இருந்தது.

குழாய் முனையைச் சுற்றி ஒரு சின்ன மேடு இருக்கும். ஹோஸ் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி, அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். இங்கே மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தோணி செய்த வேலை இது:

1. பம்பின் அழுத்தத்தை மெதுவாக வெளியேற்றினார். கீழே ஒரு தட்டு வைத்துக் கூலண்டை வடித்தார்.

2. கிளிப்பைத் தளர்த்தினார். ஹோஸை இப்படியும் அப்படியும் திருகி இழுத்தார். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பவில்லை. கோரின் குழாய் மெல்லிய உலோகம். நெம்பினால் வளையும், இணைப்பில் விரிசல் விடும். ஹோஸ் வரவே இல்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரிக்கலாம். அப்போதும் குழாயில் கீறல் விழக் கூடாது.

3. குழாய் முனையைத் துணியால் துடைத்தார். நெளிவு, கீறல், துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

4. அதே அளவில் புது ஹீட்டர் ஹோஸ் எடுத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைப் போடக் கூடாது. அது சூடு தாங்காது. இரண்டு ஹோஸும் ஒரே வயதுதான் என்பதால் இரண்டையும் மாற்றினார்.

5. சுவர் ரப்பர் வளையத்தை முதலில் மாட்டினார். பிறகு மறக்காமல் கிளிப்பை ஹோஸில் நுழைத்துக்கொண்டார். ஹோஸ் முனையில் கொஞ்சம் கூலண்ட் தடவி, மேட்டைத் தாண்டி ஓர் அங்குலம் உள்ளே தள்ளினார். கிரீஸ் தடவவில்லை. கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

6. மேட்டுக்குப் பின்னால் புதுக் கிளிப்பை வைத்து இறுக்கினார். ஹோஸ் கையால் திருகினால் அசையக் கூடாது. அளவுக்கு மேல் இறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், குழாய் நசுங்கும்.

7. மீண்டும் பம்பு மாட்டி 0.9 வரை அடித்தார். கால் மணி நேரம் முள் அசையவில்லை.

2ஆம் தாள் நனைந்திருந்தால் என்ன செய்வது? சில கார்களில் கோரின் குழாய்கள் உள்ளே ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தோடு இணையும். அந்த வளையம் பழையதாக இருக்கலாம், மடிந்து மாட்டியிருக்கலாம், போடவே மறந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் புது வளையம் போட வேண்டும்.

3ஆம் தாள் நனைந்திருந்தால் கோரில்தான் குறை. மாட்டும்போது அடிபட்டிருக்கலாம், உற்பத்திக் குறையாகவும் இருக்கலாம். அப்போது டேஷ்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேட்கலாம்.

காற்றுப்பை உள்ள காரில் டேஷ்போர்டைக் கழற்றும் முன் பாட்டரி இணைப்பை எடுத்துச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இது பழகாதவர் செய்யும் வேலை அல்ல.

7. காற்றை வெளியேற்றுதல்

ஒழுக்கு நின்றது. ஆனால் வேலை முடியவில்லை. கூலண்ட் நிரப்பும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். காற்று நின்ற இடத்தில் கூலண்ட் ஓடாது. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும், எஞ்சின் சூடாகும். பலர் இதை மறுபடியும் ஒழுக்கு என்று நினைத்துப் பயப்படுவார்கள்.

காற்றை வெளியேற்றும் முறை:

காரின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தவும். ஹீட்டர் திருகை முழுச் சூட்டுக்குத் திருப்பவும். கூலண்டை மெதுவாக ஊற்றவும். காற்று வெளியேற்றும் திருகு உள்ள காரில் அதைத் திறந்து, குமிழி நின்றதும் மூடவும். ஆறிய எஞ்சினை ஓட்டத்தில் விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றவும். குமிழி நின்று, இரண்டு ஹீட்டர் ஹோஸும் ஒரே மாதிரி சூடானால் காற்றுப் போய்விட்டது. பிறகு மூடியைப் போடவும். கூலண்ட் கொதித்துப் பொங்கும்வரை மூடியைத் திறந்து வைக்கக் கூடாது.

அப்போது சேலைத் தலைப்பு, துண்டு, கை எதுவும் ஃபேன் அருகே போகக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் மின்சார ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்.

அந்தோணியின் பையன் இரண்டு டப்பா கூலண்ட் கொண்டு வந்தான். ஒன்று தயார் கலவை. அதை அப்படியே ஊற்றலாம். மற்றது கெட்டிக் கூலண்ட். அதில் பாதிக்குப் பாதி பாட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் கலக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் உப்புப் படிய வைக்கும். டப்பாவில் எழுதியதைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. எழுத்து வேறு மொழியில் இருந்தால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் வகை ஒன்றாகிவிடாது. காரின் கையேட்டில் சொன்ன வகையே நல்லது.

வடித்த பழைய கூலண்டைப் பையன் ஓடையில் ஊற்றப் போனான். செல்வி தடுத்தாள்.

"தம்பி, அந்த ஓடையிலேதான் கீழ் லயத்துக்காரங்க தண்ணி எடுக்கிறாங்க."

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் சேரும் இடம்தான் மூணாறு. அங்கே ஊற்றும் விஷம் கீழே உள்ள எல்லோருக்கும் போகும். அந்தோணி அதை ஒரு கேனில் ஊற்றி மூடி, மேலே "விஷம்" என்று எழுதச் சொன்னார். செல்வி பெரிய எழுத்தில் எழுதினாள்.

8. போடிமெட்டு ஏற்றம்

மறுநாள் விடியற்காலை நான்கு மணி. செல்வி டார்ச் அடித்து டப்பாவைப் பார்த்தாள். மேல்கோட்டில் நின்றது. 1ஆம் தாள் வைத்த இடத்தில் புதுத் தாள் போட்டிருந்தாள். அது காய்ந்திருந்தது.

அன்னம்மா பாட்டி கம்பளி போர்த்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். முத்து ஹீட்டரைக் கண்ணாடிக்குத் திருப்பினான். சில நிமிடத்தில் கண்ணாடியில் இருந்த மங்கல் மறைந்தது. சாலை தெரிந்தது.

மாலையில் திரும்பினார்கள். பாட்டியின் ஒரு கண்ணில் பச்சைக் கட்டு. போடிமெட்டு ஏற்றத்தில் முத்து ஒவ்வொரு வளைவிலும் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தான். 17 வளைவும் முடிந்தது. முள் நடுவிலேயே நின்றது.

அன்று இரவு செல்வி நோட்டில் எழுதினாள்: "செவ்வாய் – மேல்கோடு. தேனி போய் வந்தது. விரிப்பு காய்ந்தது."

பிறகு ஒரு வரி சேர்த்தாள்: "இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும்."

நினைவில் வையுங்கள்

* சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். மேல் ஹோஸ் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு, கனத்த துணி போட்டு மெதுவாகத் திறக்கவும்.

* சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும். பற்பசை, மை, எண்ணெய் தடவ வேண்டாம். பெரிய காயம் என்றால் 108க்குப் போன் செய்யவும்.

* கூலண்ட் இனிப்பாக இருக்கும். அதனால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். யாராவது குடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவும். டப்பாவையும் கொண்டுபோகவும். கூலண்டைக் குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

* வழியில் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தவும். ஹீட்டரையும் ஃபேனையும் முழுதாகப் போடவும். எஞ்சினின் சூடு கொஞ்சம் குறையும். பத்திரமான இடத்தில் ஓரமாக நிறுத்தவும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விடும்.

* கூலண்ட் மட்டத்தைத் தினமும் ஒரே நேரத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் பார்க்கவும். பார்த்ததை எழுதி வைக்கவும்.

* நனைந்த விரிப்பை வெந்நீரில் அலசி நன்றாகக் காய வைக்கவும். இல்லையென்றால் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல மங்கல் படிந்துகொண்டே இருக்கும்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. ஏசித் தண்ணீருக்கும் கூலண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன?
2. வண்டிக்குக் கீழே சொட்டாமல் விரிப்பு மட்டும் ஏன் நனைந்தது?
3. செல்வியின் நோட்டில் எந்த நாள் குறிப்பு அந்தோணிக்கு உதவியது? ஏன்?
4. மலை மேலே ஒழுக்கு இருந்தால் ஆபத்து ஏன் அதிகம்?

ஆ. கணக்குப் போடுங்கள்

1. ஒரு காருக்கு 5 லிட்டர் கலவை வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் கெட்டிக் கூலண்ட் எத்தனை லிட்டர்? தண்ணீர் எத்தனை லிட்டர்?
2. 300 மீட்டருக்கு 1 டிகிரி குறைகிறது. 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

இ. பேசிப் பாருங்கள்

தன் தவற்றை அந்தோணி ஒப்புக்கொண்டார். அவர் பேசாமல் இருந்திருந்தால் முத்துவுக்கு என்ன ஆகியிருக்கும்? உங்கள் குழுவில் பேசுங்கள்.

ஈ. எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் சைக்கிள், தையல் மிஷின், தண்ணீர்க் குழாய் என்று ஏதாவது ஒன்று அடிக்கடி கெடுகிறதா? ஒரு வாரம் தினமும் அதைப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். பழுதுபார்ப்பவர் வரும்போது அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.